தோட்டத்து டீசல் இன்ஜினின் புகைக்குழாய்ச் சத்தத்தைக் குறைப்பது: முதல் வேலையிலிருந்து கடைசி வரை

கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஏரிக் கால்வாயிலிருந்தோ தண்ணீர் இறைக்க ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர் பக்கம் எங்கள் மாந்தோப்பில் இருப்பது 5 குதிரைத்திறன் இன்ஜின், நிமிடத்துக்கு 1500 சுற்று. அதன் சத்தத்தைக் குறைத்த பிறகு அக்கம்பக்கத்தில் ஏழெட்டு இன்ஜின்களுக்குக் கூட நின்று வேலை பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: நேராகக் கடைக்குப் போய் ஒரு சைலன்சர் வாங்கி மாட்டிவிட்டு, சத்தம் குறையவில்லையே என்று நிற்கிறார்கள். சைலன்சர் ஆறாவது வேலை. அதற்கு முன்னால் ஐந்து இருக்கிறது, அந்த வரிசையை மாற்றினால் காசும் போகும், சத்தமும் அப்படியே இருக்கும்.

1. புகை எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

சத்தத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் இன்ஜின் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி வைத்ததாக இருந்தால், அல்லது கதவை மூடினால் காற்றே வராத அறையில் இருந்தால், முதலில் புகைக்குழாயை வெளியே, மேலே, திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனையே கிடையாது. கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கினவரும் விழுந்து, இரண்டு உயிர் போன செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம்.

சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று புகைக்குழாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பி விடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வைச் சரி செய்ய யாராவது கிணற்றில் இறங்கினால் அன்றைக்கு அந்தப் புகை அங்கேதான் நிற்கும்.

2. எந்தச் சத்தம் என்று பிரித்துக் கேளுங்கள்

இன்ஜினில் இருந்து வருகிற சத்தம் ஒன்று இல்லை. புகைக்குழாயில் வருவது "டம் டம்" என்று வயிற்றில் இடிக்கிற மாதிரி இருக்கும். ஏர் கிளீனர் பக்கம் "கொர்" என்று இழுக்கிற சத்தம். வால்வைத் தள்ளித் திறக்கிற டேப்பெட்டின் இடைவெளி கூடியிருந்தால் "டக் டக்" என்று இரும்புச் சத்தம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் நாசில் கெட்டிருந்தால் உள்ளே சுத்தியால் அடிக்கிற மாதிரி ஒரு தட்டல், கூடவே கரும்புகை.

எப்படிப் பிரிப்பது? பழைய பத்தடிக் குழாய் ஒன்றைப் புகைக்குழாயின் வாயில் தளர்வாகச் செருகி, மறுமுனையைத் தள்ளி வையுங்கள். இன்ஜின் பக்கத்தில் நின்று கேளுங்கள். சத்தம் மறுமுனைக்குப் போய்விட்டால் அது புகைச் சத்தம், இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவும். போகாமல் இங்கேயே இருந்தால் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு டேப்பெட்டையும் நாசிலையும் பாருங்கள். கரும்புகை விடுகிற இன்ஜினுக்கு எந்த சைலன்சர் செய்தாலும் கரி சீக்கிரமே அடைத்துவிடும்.

அப்புறம் மொபைலில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, ஒரு கல்லை அடையாளம் வைத்து, அந்தக் கல் மேல் நின்று அளந்து எழுதி வையுங்கள். அது காட்டும் எண் சரியான எண்ணாக இருக்க வேண்டியதில்லை. அதே போன், அதே இடம், அதே லோடு என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியும், அது போதும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டப்படி பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. அந்த அளவு இன்ஜின் பக்கத்தில் கிடைக்காது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

இரவில் அளந்தால் இன்னும் நல்லது. வெயில் இறங்கினதும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே போகிற சத்தம் வளைந்து கீழே வரும். பகலில் கேட்காத தோட்டத்துக்கு ராத்திரியில் கேட்பது இதனால்தான். பக்கத்துக்காரர் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள்.

3. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறின இன்ஜின் வேண்டும். லோடில் ஓடும்போது, புகைக்குழாயை இன்ஜினோடு சேர்க்கிற பிளேன்ஜ் பக்கம் 300 டிகிரிக்கு மேல் போகும், அணைத்து அரை மணி நேரம் ஆகியும் தோல் உரியும் அளவுக்குச் சூடு இருக்கும். ரிங் ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், புது எக்ஸாஸ்ட் கேஸ்கட் இரண்டு (ஒன்று கிழியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்), புது ஸ்டட்டும் (தலையில்லாத மரைக் கம்பி) நட்டும், லாரி சைலன்சரில் வருகிற மாதிரி மடிப்பு மடிப்பான எஃகு ஃப்ளெக்சிபிள் துண்டு ஒன்று. இது கிருஷ்ணகிரியில் கிடைப்பது சுலபம், இத்தனை நெடுஞ்சாலை கூடுகிற ஊரில் லாரி சைலன்சர் கடைக்குப் பஞ்சம் இல்லை.

கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் பத்தடி, ஒரு கட்டு ஊதுபத்தி. இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

ஜி.ஐ. குழாய் வாங்காதீர்கள். மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகும். அதைச் சுவாசித்த பட்டறைப் பையன் ஒருவனுக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பூச்சு இல்லாத கருப்புக் குழாயே கேளுங்கள்.

4. ஓட்டைகளை அடையுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பிளேன்ஜில் நகக்கீறல் அளவு இடைவெளி இருந்தாலும் அதன் வழியே "சட் சட்" என்று புகை சைலன்சருக்குப் போகாமலே வெளியே வரும். பின்னால் எவ்வளவு நல்ல சைலன்சர் இருந்தும் என்ன பயன்?

முதலில் கண்ணால் பாருங்கள். இணைப்பில் கருப்புக் கோடு எங்கே படிந்திருக்கிறதோ அங்கே ஒழுகுகிறது. அடுத்து, இன்ஜினை ஓட விட்டு ஊதுபத்தியைப் பற்ற வைத்து இணைப்பைச் சுற்றி விரற்கடை தூரத்தில் மெதுவாகக் கொண்டு போங்கள். புகை நேராக எழும்பிக்கொண்டே வரும், ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் துடிக்கும், ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு துடிப்பு. எங்கள் இன்ஜினில் ஃபேன் பெல்ட் பக்கத்து ஸ்டட்டுக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத இடத்தில்தான் அப்படித் துடித்தது. சட்டைக் கையும் துண்டும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றி, இரண்டு முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும், கேஸ்கட் இரண்டு போட்டுச் சமாளிக்க முடியாது. நட்டை ஒரு பக்கம் முழுவதும் முறுக்கிவிட்டு மறு பக்கம் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

மரையில் வெள்ளை டேப் சுற்றுவது பெரிய தப்பு. அது தண்ணீர்க் குழாய்க்கு உள்ளது. 260 டிகிரிக்கு மேல் போனால் சிதைந்து நச்சு வாயு விடும். எம்சீலும் சைக்கிள் டியூப் ரப்பரும் ஒரு நாள்கூடத் தாங்காது.

இந்த வேலையை முடித்ததும் மறுபடியும் அந்தக் கல் மேல் நின்று அளவெடுங்கள். சிலருக்கு இதிலேயே போதுமான அளவு குறைந்துவிட்டது, அவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

5. குழாயின் எடையை இன்ஜின் மேல் விடாதீர்கள்

ஒற்றை சிலிண்டர் நிறைய ஆடும். இன்ஜின் ஆட, சுவரில் இறுக்கமாகக் கட்டிய குழாய் ஆடாமல் நிற்க, நடுவில் இருக்கிற ஸ்டட் உடையும். பிளேன்ஜுக்கு ஓரடிக்குள் அந்த ஃப்ளெக்சிபிள் துண்டைப் போட்டு, அதற்கு அப்புறம் வருகிற சைலன்சரையும் குழாயையும் தரையில் ஊன்றிய இரும்புக் கால் மேல் நிறுத்துங்கள். அறையின் கூரைச் சட்டத்திலிருந்து தொங்க விட்டால் கூரைத் தகரமே மேளம் அடிக்கும். ஓலைக் கூரை என்றால் குழாய்க்கும் ஓலைக்கும் ஓரடியாவது இடைவெளி விடுங்கள், உலர்ந்த ஓலை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

6. சைலன்சர்

நமக்குத் தோன்றுவது, சத்தம் வருகிற வழியை அடைத்தால் நின்றுவிடும் என்று. புகை வெளியே போயே ஆக வேண்டும், அதனால் அடைக்க முடியாது. வேறு என்ன செய்கிறோம்? குறுகிய குழாயில் வேகமாக வருகிற வெடிப்பை ஒரு பெரிய அறைக்குள் விரிய விடுகிறோம். அங்கே அழுத்தம் சமமாகி, அடுத்த குழாயில் ஒரே சீராக வெளியேறும். அதனால் உள் அமைப்பை விட அறையின் கொள்ளளவுதான் முதலில் பார்க்க வேண்டியது.

எங்கள் இன்ஜின் சிலிண்டர் 80 மி.மீ. விட்டம், 110 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய் வருகிற தூரம்), ஆக சுமார் 553 சி.சி. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால் 1500 சுற்றில் நிமிடத்துக்கு 750 வெடிப்பு, அதாவது வினாடிக்குப் பன்னிரண்டரை. இவ்வளவு தாழ்ந்த சத்தத்துக்குச் சின்ன டப்பா போதாது. சிலிண்டர் கொள்ளளவைப் போல் பத்து மடங்காவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இடம் இருந்தால் பதினைந்து. 6 அங்குலக் குழாயில் ஒன்றரை அடி வெட்டினால் சுமார் 8 லிட்டர் வரும். பைக் சைலன்சரைக் கொண்டு வந்து மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும்.

பட்டறையில் இப்படிச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். ஒன்றரை அடி உடலுக்குள் 10 அங்குலத்தில் ஒரு தடுப்புத் தகடு, மிச்சம் 8 அங்குலம். இரண்டு அறையும் ஒரே நீளமாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு நீளத்துக்கும் அது அடக்காமல் விட்டுவிடுகிற சத்தம் ஒன்று உண்டு, நீளம் வேறாக இருந்தால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். உள்ளே வருகிற குழாய் முதல் அறையில் பாதி வரை, 5 அங்குலம், நீண்டிருக்கட்டும். தடுப்பில் போகிற குழாயும் வெளியே போகிற குழாயும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக இருக்கட்டும், இல்லையென்றால் வெடிப்பு நேராகப் பாய்ந்துவிடும்.

உள்வரும் குழாயின் முனையை அடைத்து, பக்கங்களில் துளை போட்டால் இன்னும் மெதுவாக இருக்கும். இங்கேதான் பட்டறைக்காரர் பத்துப் பதினைந்து துளை போட்டு முடித்துவிடுவார். கணக்கைப் பாருங்கள்: ஒன்றரை அங்குலக் குழாயின் உள்விட்டம் 40 மி.மீ. என்றால் அதன் வாய் சுமார் 1257 சதுர மி.மீ. ஒரு 6 மி.மீ. துளை 28 தான். வாய்க்குச் சமமாக வரவே 45 துளை வேண்டும், துளையில் புகை சிரமப்பட்டுப் போவதால் இரண்டு மடங்காக 90 போட வேண்டும். சுற்றுக்கு 10 வீதம் 9 வரிசை போட்டால் அந்த 5 அங்குலத்தில் சரியாக அடங்கும். கூடவே நின்று எண்ணுங்கள்.

தகடு 3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். எண்ணெய் டின்னில் செய்து பார்த்தார் ஒரு மாமா, வெடிப்புச் சத்தம் குறைந்தது, ஆனால் டின் தானே ஒரு பறை மாதிரி அடித்தது. அதே மாதிரி, பழைய கேஸ் சிலிண்டரையோ டீசல் பீப்பாயையோ உடலாக வெட்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள். காலி என்று நினைத்து வெல்டிங் நெருப்பை வைத்தால் உள்ளே மிஞ்சிய ஆவி வெடிக்கும்.

கடைசியாக, உடலின் அடியில் தாழ்வான இடத்தில் 5 மி.மீ. துளை ஒன்று. ஸ்டார்ட் செய்த புதிதில் புகையில் உள்ள நீராவி உள்ளே குளிர்ந்து தண்ணீராகும், அது வடிய வழி இல்லை என்றால் துருவேறி சீக்கிரமே ஓட்டை விழும். சைலன்சரை இன்ஜினை விட்டுச் சரிவாக, இன்ஜின் பக்கம் உயரமாக வையுங்கள்.

சைலன்சருக்குள் ராக் ஊல் (பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) சுற்றலாமா என்று கேட்பார்கள். கீச்சென்ற சத்தத்துக்கு அது நல்லது, ஆனால் டீசல் கரியும் எண்ணெயும் ஊறிவிட்டால் பயன் போய்விடும், தீயும் பிடிக்கலாம். நம் இன்ஜினின் தொல்லை தாழ்ந்த சத்தம்தான், அதனால் நான் போடவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மோட்டார் படகுகளில், குளிர்விக்கிற தண்ணீரைப் புகையோடு கலந்து விடுவார்கள். புகை குளிர்ந்து சுருங்குவதால் சத்தம் நன்றாக அடங்கும். இதை வீடியோவில் பார்த்துவிட்டு, பம்பிலிருந்து ஒரு டியூப் எடுத்து சைலன்சருக்குள் தண்ணீர் விட்ட தம்பி ஒருவர் இருக்கிறார். படகில் தண்ணீர் இன்ஜினுக்குத் திரும்பாமல் இருக்க உயர்ந்த வளைவும், தண்ணீரைத் தாங்கி நிற்கிற தனிப் பாத்திரமும், சைஃபன் உடைக்கிற வால்வும் இருக்கும். அதெல்லாம் இல்லாமல் செய்ததால் அணைத்ததும் தண்ணீர் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய்விட்டது. மறுநாள் ஹேண்டில் சுற்றவே இல்லை, ஹெட்டைக் கழற்றித்தான் எடுத்தோம்.

7. கடைசிக் குழாய்

சைலன்சருக்கு அப்புறம் வருகிற குழாய், உள்ளே வருகிற குழாயின் அளவோ அதற்கு மேலோ இருக்கட்டும். நீளத்தை முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். சில நீளத்துக்குக் குழாய் புல்லாங்குழல் மாதிரி தானே கூடச் சேர்ந்து முழங்கும். பத்தடி வாங்கி மாட்டி, கேட்டு, முழங்கினால் அரை அடி அரை அடியாக வெட்டிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. சுற்றிலும் கரடு. வீட்டுக்கு எதிர்த்திசையில் திருப்பியாயிற்று என்று நிம்மதியாக இருப்போம், எதிரே இருக்கிற பாறையில் பட்டு அதே சத்தம் வீட்டுக்கே வரும். பாறை இல்லாத திசையாக, மரமும் வேலியும் அடர்ந்த பக்கமாக, கொஞ்சம் மேல் நோக்கித் திருப்புங்கள். வைக்கோல் போரும் மாஞ்சருகும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது.

குழாயை நீட்டிக்கொண்டே போனால் சத்தம் தூரம் போய்விடும் என்பது பாதி உண்மை. தூரம் இரட்டிப்பானால்தான் 6 டெசிபல் குறையும். பக்கத்து வீடு 300 அடியில் இருக்கும்போது 20 அடி நீட்டினால் காதுக்கு ஒன்றும் தெரியாது, வளைவுகள் கூடி இன்ஜினுக்குத்தான் சிரமம். மழை விழாமல் இருக்க ஆடுகிற மூடி போடுவார்கள், அது ஒவ்வொரு வெடிப்புக்கும் தட்டும். முனையைச் சாய்வாக வெட்டி விட்டாலே போதும்.

8. அடைக்கிறதா என்று லெவல் டியூப்பில் பாருங்கள்

சத்தம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். புகை வெளியேறச் சிரமப்பட்டால் டீசல் கூடும், சூடு கூடும், வால்வு கருகும்.

பிளேன்ஜுக்குப் பக்கத்தில், சைலன்சருக்கு முன்னால், சின்ன நிப்பிள் ஒன்றை வெல்டு செய்து, இரண்டடி செம்புக் குழாய் போட்டு (பிளாஸ்டிக் நேராக மாட்டினால் உருகும்), அதன் முனையில் லெவல் டியூப்பைச் செருகுங்கள். டியூப்பை ஊ வடிவில் பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர், கொஞ்சம் மஞ்சள் கலந்து ஊற்றுங்கள், தெளிவாகத் தெரியும். இன்ஜினை முழு லோடில், தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது பாருங்கள். தண்ணீர் குதிக்கும். டியூப்பை விரலால் கொஞ்சம் நசுக்கிப் பிடித்தால் குதிப்பு அடங்கி ஓரிடத்தில் நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து எழுதுங்கள்.

பழைய அமைப்பில் ஒரு முறை, புது சைலன்சரோடு ஒரு முறை. இன்ஜின் புத்தகத்தில் வரம்பு கொடுத்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது. புத்தகம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, 20 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் சைலன்சரைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். துளை குறைவாகவோ நடுக்குழாய் சின்னதாகவோ இருக்கும்.

டியூப் இல்லாதவர்கள் தொட்டியைப் பாருங்கள். முன்பு நிறைய எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு? நேரம் கூடியிருந்தால், ஹாப்பரில் (இன்ஜினைக் குளிர்விக்கிற தொட்டி) இருக்கிற தண்ணீர் வழக்கத்தை விடச் சீக்கிரம் கொதித்தால், புகை கருத்தால், அடைப்புதான்.

9. டிரம் புதைக்கும் முறை

பட்டறைச் செலவு வேண்டாம் என்பவர்கள் 200 லிட்டர் டிரம்மைப் புதைத்து அதற்குள் புகையை விட்டு, வேறொரு பெரிய குழாய் வழியாக வெளியே எடுப்பார்கள். நல்ல முறைதான், இவ்வளவு பெரிய அறையை வேறு எப்படியும் செய்ய முடியாது, மண் இருப்பதால் தகடும் அதிராது. டீசலோ பெயின்டோ தின்னரோ இருந்த டிரம் மட்டும் வேண்டாம்.

ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. ஐப்பசி மழையில் குழி நிறைந்து உள்ளே வரும் குழாயின் வாய் மூழ்கிவிடும். ஹேண்டில் போடும்போது சில நேரம் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்துத் திருப்பிச் சுற்றும், அப்போது அது புகைக்குழாய் வழியாக உள்ளே இழுக்கும், காற்று இருந்தால் காற்றை, தண்ணீர் இருந்தால் தண்ணீரை. அதனால் இன்ஜினிலிருந்து வருகிற குழாயை முதலில் மேலே தூக்கி வளைத்து அப்புறம் கீழே இறக்குங்கள், டிரம்மின் அடியில் துளை போட்டு அதற்குக் கீழே ஜல்லி நிரப்புங்கள், மழைக்காலத்தில் ஸ்டார்ட் செய்யும் முன் குச்சி விட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். களிமண் நிலம், நீர் மட்டம் மேலே இருக்கிற ஆற்றோரம் என்றால் இந்த முறையே வேண்டாம்.

10. மிச்சம் இருக்கிற சத்தம்

புகைச் சத்தம் அடங்கினதும் இதுவரை கேட்காத ஏர் கிளீனர் சத்தமும் டேப்பெட் சத்தமும் கேட்க ஆரம்பிக்கும். புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஃபவுண்டேஷன் போல்ட் இறுக்கமா, ஏர் கிளீனர் சுத்தமா என்று பாருங்கள். வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு சுவர் எழுப்புங்கள். கிரானைட் பட்டறைகளில் கழிவுப் பலகை கிடைக்கிற மாவட்டம் நம்முடையது, அதை நட்டு, சந்துகளைச் சிமெண்டில் அடைத்து, இன்ஜின் கண்ணுக்குத் தெரியாத உயரம் வரை கொண்டு போனால் போதும். நாலு பக்கமும் அடைக்காதீர்கள், இன்ஜினுக்குக் காற்று வேண்டும்.

11. ஓட்ட ஆரம்பித்த பிறகு

முதல் பத்து மணி நேரம் ஓடினதும், ஆற விட்டு, எல்லா நட்டையும் ஒரு சுற்று பாருங்கள். சூட்டில் கேஸ்கட் அமுங்கி நட்டு தளர்ந்திருக்கும், அப்படியே விட்டால் நாலாவது வேலையில் அடைத்த ஓட்டை திரும்ப வந்துவிடும். வருடா வருடம் மாசியில், வெயில் காலம் தொடங்கும் முன், சைலன்சரைக் கழற்றிக் குப்புறக் கவிழ்த்து மரச் சுத்தியால் தட்டிக் கரியைக் கொட்டுங்கள், வடிகால் துளையில் ஒரு கம்பி விட்டுக் குத்துங்கள். அந்த லெவல் டியூப்பைப் பலகையோடு ஆணியில் மாட்டி வைத்திருந்தால் அன்றைக்கே மறுபடியும் ஒரு அளவு எடுத்து, சுவரிலேயே தேதி போட்டு எழுதி வைத்துவிடலாம்.